மேலத்துறைத் தண்ணீர்

"எம்பேரு மட்டும் வெளிய வந்திரப்படாது, சாமி" என்றான் இசக்கி.

"வராது" என்றான் ஞானசம்பந்தன். "யார் கேட்டாலும் உன் பேரு என் வாயிலிருந்து வராது. இந்தப் பொருநை மேல சத்தியம்."

பொருநை ஆற்றங்கரை மருத மரத்தடியில் நின்றுதான் இந்தச் சத்தியம். ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய வருஷம் அது. ஞானசம்பந்தனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஆனால் 'நெல்லைக் காவலன்' வாரப் பத்திரிகையின் நிருபர் என்று ஊருக்குள் பெயர் முளைத்துவிட்டது.

இசக்கிக்குத் தோல் கிடங்கில் வேலை. தோல் ஊறிய தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக நேரே மேலத்துறையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. மேலத்துறை என்றால் சைவக் குடும்பங்கள் முங்கிக் குளித்து, திருநீறு பூசி, வீட்டுக்குக் குடம் நிறைத்துப் போகிற படித்துறை. ஆறு ஒரு வளைவு வளைந்த பிறகு, சேரிக்காரர்களுக்குக் கீழத்துறை. கீழத்துறை ஆள் மேலத்துறைப் படியில் கால் வைக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். அதனால் யாராலும் திருத்தவும் முடியாது.

"முனிசிபாலிட்டி ஓவர்சியர் இதைக் கேக்கலையா?"

"நல்லாக் கேட்டாவ! வாய்க்கா வெட்டக் கயிறு பிடிச்சு அளந்து குடுத்ததே அவுகதான் சாமி. அவுக வண்டிக் குதிரைக்குச் சேணம், வாரு எல்லாம் எங்க கிடங்குல இருந்து சும்மா போவுது. ஏட்டையா போட்டிருக்க பூட்ஸும் எங்க முதலாளி குடுத்ததுதான்."

"நீங்க போயி பிராது குடுக்கலையா?"

"குடுத்தோம் சாமி. அந்தப் பூட்ஸாலதான் மிதிச்சாரு."

ஞானசம்பந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்பிள்ளைக்கு உடம்பெல்லாம் புண்ணு, சாமி. இங்கன விழுத தண்ணிதான கீழ வருது? நீங்க எழுதுனா ரெண்டு துறைக்கும் விடிவு பிறக்கும்."

"பிறக்கும் இசக்கி. பாத்துக்கிட்டே இரு."

எழுதினான். 'சிவபூசைக்குத் தோல் கழுவிய நீரா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சேணம், பூட்ஸ் ஒன்றையும் விடவில்லை. அந்த ஓவர்சியரும் விடியக்காலையில் அதே தண்ணீரில்தான் வாய் கொப்புளிக்கிறார் என்பதையும் சேர்த்திருந்தான். அன்று ரத வீதிகளில் வேறு பேச்சே இல்லை.

ஏட்டு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உள்ளாளு எவன்லே? பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

பளார் என்று ஓர் அறை விழுந்தது. ஞானசம்பந்தன் வாயைத் திறக்கவில்லை. அந்த அறைக்காகவும் ஊர் கொதித்தது.

கடைசியில் முனிசிபல் சேர்மனே ஜட்கா வண்டியில் மேலத்துறைக்கு வந்து இறங்கினார். ஓவர்சியருக்கு வேலை போயிற்று. ஏட்டுக்கு மலையடிவாரத்துக்கு மாற்றல்.

"இப்பத் திருப்திதானவே?" என்றார் சேர்மன், ஊரே பார்க்க. "வாய்க்காலை எங்கன திருப்பணும்? நீரே சொல்லும்."

சேர்மன் தன்னிடம் யோசனை கேட்கிறார்! ஞானசம்பந்தனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"இங்கன வரப்படாது. அம்புட்டுத்தான்" என்று கையை வீசினான்.

கை கிழக்கே வீசிற்று. ஆறும் கிழக்கேதான் போகிறது.

"அப்பிடியே செஞ்சிருவோம்" என்றார் சேர்மன். கூட்டம் கை தட்டியது. யாரோ ஒரு மாலையைக் கொண்டுவந்து நிருபர் கழுத்தில் போட்டார்கள்.

தைப்பூசம் வந்தது. மேலத்துறையில் எள் போட இடமில்லை. தண்ணீர் அடிமணல் தெரியும்படி ஓடியது. "நம்ம ஞானசம்பந்தன் முதல்ல முங்கட்டும். அவன் இல்லாட்டி இந்தத் தண்ணி ஏது?" என்று வழி விட்டார்கள். அவன் முங்கி எழுந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கும்போது மேல்படியில் கூச்சல் கேட்டது.

"ஏலே, எவன்லே அது? படியில காலை வைக்கான்!"

இடுப்பில் பிள்ளையும் கையில் மண் குடமுமாக இசக்கி நின்றான். பிள்ளைக்கு இப்போது முகத்திலும் புண்.

"வாய்க்காலைக் கீழத்துறையில கொண்டாந்து விட்டுட்டாவ, ஐயா. தண்ணிய வாயில வைக்க முடியல. பிள்ளைக்கு ஒரு குடம் மட்டும் மோந்துக்கிட்டுப் போயிருதேன்."

புதிதாக வந்திருந்த ஏட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் காலிலும் புது பூட்ஸ் பளபளத்தது. இசக்கியின் பிடரியில் அவர் கை வைத்ததும் குடம் படிகளில் உருண்டு உடைந்தது.

"அந்தா நிக்காவளே, அந்தச் சாமிக்கு என்னையத் தெரியும். கேட்டுப் பாருங்க ஏட்டையா!"

ஏட்டு ஞானசம்பந்தனைப் பார்த்தார். குரலில் அத்தனை பணிவு.

"இவனைத் தெரியுமா ஐயா? யார் இவன், பேரென்ன?"

துறையே அவனைப் பார்த்தது. தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். வாய்க்கால் எப்படிக் கீழே போயிற்று என்று அதற்கடுத்த கேள்வி. இசக்கியும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பொருநை மேல் செய்த சத்தியத்தை ஞானசம்பந்தன் அன்றும் மீறவில்லை. அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வரவே இல்லை.