முதல் பரிசுப் படம்

"இவ முழியே சரியில்லை. இவளை ஆத்துக்குள்ள விட்டா குடும்பம் உருப்படுமா?"

படத்திலிருந்த பெண் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அதைத் தாண்டி முழி எப்படித் தெரிந்ததோ, அது அனந்தநாராயணனுக்கே வெளிச்சம்.

முகத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. மாட்டுங்கா மாதர் சங்கம் 'பெண்' என்ற தலைப்பில் நடத்திய புகைப்படப் போட்டிக்கு, செம்பூரிலிருந்து அவரை நடுவராக அழைத்திருந்தார்கள். அவருக்கோ வீட்டுக் கவலை. ஒரே பையனுக்குப் பதினாலு பெண் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை.

பெயர் எழுதாமல் மாட்டியிருந்த படங்களில், சிகரெட்டும் கையுமாக நின்ற கறுப்புக் கண்ணாடிக்காரியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்கு வந்தார். மூக்குக்கண்ணாடி, கையில் ஃபைல், உர்ரென்ற முகம்.

"ஆபீஸ் போறவ. புருஷனை நிக்க வெச்சுக் கேள்வி கேப்பா."

மூன்றாவது படத்தில் அசந்து போனார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் விளக்கு, தழைந்த பார்வை. கழுத்தில் தாலி இல்லை என்பதையும் மறக்காமல் பார்த்துக்கொண்டார்.

"ஏக்தம், சாட்சாத் மகாலக்ஷ்மி. ஃபர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தான்."

மேடையேறியவர் மைக்கை விடவில்லை. "இந்தப் பொண்ணு கிடைச்சா கண்ணை மூடிண்டு என் பையனுக்குப் பண்ணிப்பேன். யார் பெத்த பொண்ணோ, ஜாதகம் அனுப்பச் சொல்லுங்கோ."

காரியதரிசி சுப்புலக்ஷ்மி, படம் எடுத்தவர் பெயரைப் படித்தாள். பின்வரிசையிலிருந்து விசாலாக்ஷி எழுந்து வந்தாள்.

"படத்துல இருக்கிறது யாரும்மா?" என்றார் ஆவலாக.

"நான்தான் மாமா. கேமராவை ஸ்டூல் மேல வெச்சு, டைமரைத் திருகிட்டு ஓடிவந்து நிப்பேன்."

"பலே கெட்டிக்காரி."

"சிகரெட்டோட நிக்கறவளும் நான்தான். ஃபைலோட நிக்கறவளும் நான்தான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அனந்தநாராயணனுக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் கையில் வந்த மகாலக்ஷ்மியை விட மனசில்லை.

"போறது, ஏதோ விளையாட்டு. எங்காத்துக்கு வந்து இந்த விளக்குப் படத்துல இருக்கிற மாதிரி இருந்தாப் போறும். நாளைக்கே ஜாதகத்தை அனுப்பச் சொல்லு."

"பத்து செகண்டுக்கு மேல அப்படி நிக்க முடியலை மாமா."

விசாலாக்ஷி குரலை உயர்த்தவில்லை. ஆனால் மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"ஜாதகம் உங்காத்துலதான் இருக்கு. போன தையில என்னைப் பொண்ணு பார்க்க வந்து, பஜ்ஜியை ரெண்டு தரம் கேட்டு வாங்கிண்டேள். முகத்துல குடும்பக் களையே இல்லைன்னு மறுநாளே கார்டு போட்டேள். அந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிடுங்கோ."