ஏழாம் நம்பர் குப்பி

"மெஷின்தான் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன் மேடம். மூணு தடவை ஓட்டிட்டேன். ஏழாம் நம்பர் குப்பியில தூக்க மாத்திரை காட்டுது."

உதவியாளர் நீட்டிய தாளை வாங்கினார் தலைமை ஆய்வாளர். இறந்தவர்களின் ரத்தத்தில் விஷம் தேடும் பரிசோதனைக்கூடம் அது. மருந்தே சாப்பிடாத ஏழு பேர் கொடுத்த ரத்தத்தையும், பெயருக்குப் பதில் நம்பர் போட்டு, கூடவே மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். அதில் எதுவும் தெரியக் கூடாது.

"மத்த ஆறு குப்பி?"

"சுத்தம். மெஷின்ல கோளாறு இல்ல மேடம், ரத்தம் கொடுத்த ஆள்தான் சரியில்ல. மாத்திரையே தொடறதில்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு, நல்லா முழுங்கியிருக்காங்க. இவ்வளவு வாய் கூசாம பொய் சொல்லுவாங்களா? யாருன்னு உங்க நோட்டுல பார்த்துச் சொல்லுங்க."

"பார்க்க வேண்டாம். அவங்க பொய் சொல்லல."

"எப்படி மேடம் சொல்றீங்க?"

"அது என் ரத்தம்."

உதவியாளர் தடுமாறினார். "மறந்துபோய் எதாவது..."

"இல்ல. ரெண்டு மாசமா படுத்த உடனே தூக்கம். வீட்டுக்காரர் கலந்து தர்ற பால்தான் காரணம்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன்."

அலமாரியிலிருந்து புதுக் குப்பி ஒன்றை எடுத்தார். 'எட்டு' என்று எழுதி ஒட்டி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு இதுல பால் கொண்டுவர்றேன். நீங்களே ஓட்டிப் பாருங்க. என் கேஸை நான் தொடக் கூடாது."