சத்தமில்லாமல் வந்த அறை

பட்டனை அழுத்தியதும், மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டியின் பக்கவாட்டு அறை கரகரவென்று அலறிக்கொண்டு வெளியே நீண்டது. வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"உள்ள என்னத்த வச்சு அறுக்குறாகளோ" என்றாள் ஒருத்தி.

ஓட்டுநர் சகாயத்துக்குச் சுருக்கென்றது. போன மூன்று கடலோர ஊர்களிலும் இதே கதைதான். அறையை உள்ளே இழுத்துவிட்டு, குனிந்து பார்த்தார். சத்தம் அடங்கட்டும் என்று அவர் அப்பிய கிரீஸில்தான் கடற்கரை மணல் முழுக்க ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால், அறை நகரும் இரும்புத் தடத்தை ஒட்டத் துடைத்தெடுத்தார்.

இம்முறை அறை சத்தமே இல்லாமல் வெளியே வந்தது.

வேப்பமரத்தடியில் தயங்கி நின்றிருந்த பெண் மெல்ல அருகில் வந்தாள். வெகுநேரம் படியையே பார்த்தாள்.

"செருப்ப எங்கிட்டு விடணும்ணே?"