அடி படாத சாம்பியன்

ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது டாக்டரின் கண்ணில் முதலில் பட்டது சாம்பியனின் வலது கைதான். முழங்காலின் மேல் கிடந்த அந்தக் கை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

முப்பத்தெட்டுக் குத்துச்சண்டை, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. எதிராளியின் குத்து வந்து சேரும்போது ஆள் அந்த இடத்தில் இருக்க மாட்டார். அதனாலேயே ரசிகர்கள் அவருக்குப் ‘புகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தன் கட்டிலுக்கு மேலே அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தவர் இந்த டாக்டர். அப்படிப்பட்டவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று டாக்டருக்கு வாய் வரவில்லை.

சாம்பியனின் மனைவி சுவரோர நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும் ஒரு வணக்கம் சொன்னவர், ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து மறுபடியும் வணக்கம் சொன்னார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று டாக்டரும் இன்னொரு வணக்கம் சொல்லிவைத்தார்.

படத்தோடு வரவேண்டிய கடிதத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். உறையின் மேல் முன்னாள் விளையாட்டு வீரர்களின் குடும்பச் சிகிச்சை அட்டையின் எண் மட்டும் இருந்தது. அட்டை சாம்பியன் பெயரில் இருந்தது. டாக்டருக்கு அது போதுமாயிருந்தது.

என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு சாம்பியன்தான் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வருஷமாகவே ஞாபகம் தப்புகிறதாம். குழாயைத் திறந்துவிட்டால் மூட மறந்துபோகிறதாம். போன மாதம் மருந்துக் கடை வரைக்கும் போய்விட்டு, வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் இரண்டு மணி நேரம் நிற்கும்படி ஆகிவிட்டதாம். இத்தனையையும் வேறு யாருக்கோ நடந்ததுபோல அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, என்ன நெஞ்சுரம் என்று டாக்டர் அசந்துபோனார்.

“அடுத்த வாரம் விழா இருக்கு, டாக்டர். ஸ்டேடியத்துக்கு என் பேர் வைக்கிறாங்க,” என்றார் சாம்பியன். “மேடை, டிவி எல்லாம் உண்டு. நாலு பேர் முன்னாடி ஏதாவது உளறிட்டா அசிங்கமாப் போயிடும். அதுக்குள்ள ஏதாவது மருந்து கொடுங்களேன்.”

ஞாபகம் போகிற வேகத்தை மருந்து கொஞ்சம் மட்டுப்படுத்தும், போனதைத் திருப்பிக் கொண்டுவராது என்பதை டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னார். படத்தில் மூளை சுருங்கி, ஓரமெல்லாம் கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது. அங்கங்கே பழைய ரத்தக் கசிவின் புள்ளிகள். பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தவர், பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

சாம்பியன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. “பழசெல்லாம் மறந்துடுமா?” என்று மட்டும் கேட்டார்.

இந்த ஒரு இடத்திலாவது ஆறுதல் சொல்ல முடிகிறதே என்று டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அது சீக்கிரம் போகாது, சார். நேத்து நடந்ததுதான் மறக்கும். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததெல்லாம் அப்படியே இருக்கும். கடைசியிலதான் அது போகும்.”

சாம்பியனின் முகத்தில் மிச்சமிருந்த தெளிவும் போய்விட்டது. நாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று டாக்டருக்கு விளங்கவில்லை.

அவர்கள் வந்ததிலிருந்தே டாக்டருக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. சாம்பியனின் சண்டைகளை ஒன்று விடாமல் பார்த்தவர் அவர். தலையில் ஒழுங்காக விழுந்த குத்துகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். பயிற்சியில் நிறைய வாங்கியிருப்பீர்களோ என்று கேட்டுப் பார்த்தார். சாம்பியன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிறது, கிளம்பலாமா என்றார்.

டாக்டர் விடவில்லை. “சார், இது வயசாகி வந்தது இல்ல. ஒரு தடவை வழுக்கி விழுந்து வந்ததும் இல்ல. வருஷக்கணக்கா, ஒரே தலையில, திரும்பத் திரும்பப் பலமான அடி விழுந்திருக்கு. இவ்வளவு எங்க வாங்கினது?”

வெளியே நர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

பொறுப்பை அந்த அம்மாவிடம் ஒப்படைப்பதைத் தவிர டாக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. சாரைத் தனியாக வெளியே விடாதீர்கள் என்றார். மாத்திரையை நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள் என்றார். இந்த வியாதியில் திடீர் திடீரென்று கோபம் வரும், அந்த நேரத்தில் எதிர்த்துப் பேசாமல் கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், பொறுத்துப் போகச் சொன்னதற்கும் பழக்கப்பட்டவர்போலத் தலையாட்டினார்.

பிறகு எழுந்து விளக்குப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கறுப்பையும் புள்ளிகளையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னோட தலை, டாக்டர்.”