சாக்பீஸ் வட்டம்

"பெட்டியை எடுத்துக்கிட்டு கீழே இறங்குப்பா."

கௌஸ் மொய்தீனுக்குத் திக்கென்றது.

ஓசூரைத் தாண்டி, மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றிருந்தது. ஒரு வாரமாகவே அங்கே கெடுபிடி. காக்கிச் சேலை கட்டிய அந்த அம்மாள் ஒவ்வொரு சீட்டாக வந்தார். "எங்கே போறே?" என்று கேட்டார். பையை வெளியிலிருந்தே தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பக்கத்து சீட்டு பொன்னுசாமிக்கும் அந்த ஒரு தட்டுதான்.

கௌஸ் மட்டும் என்ன தப்பாகச் சொல்லிவிட்டான்? "ஏர்போர்ட்டுக்கும்மா. பதினொன்றரைக்கு பம்பாய் பிளேன்" என்றான். அவ்வளவுதான். அந்த அம்மாளின் பார்வை தன் தொப்பியில் நிலைத்த மாதிரி அவனுக்குத் தோன்றியது.

"இத்தனை பேர்ல நான் ஒருத்தன்தான் கண்ணுக்குத் தெரியறேனாம்மா?"

"இறங்குன்னா இறங்கு. பேச்சு எதுக்கு?"

மணி எட்டரை. இந்த பிளேனை விட்டால் பம்பாயில் சவுதி பிளேன் கிடைக்காது. விசா நாளையோடு முடிகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன், இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய வேலை அது.

சாவடி மேஜைமேல் பெட்டி வாயைத் திறந்தது. சட்டை, பனியன், ஊறுகாய் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள்.

சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பச்சைத் துப்பட்டா சரிந்து விழுந்தது. மனைவி வஜிஹாவினுடையது. அவள் எப்போது அதை உள்ளே வைத்தாளோ, கௌஸுக்கே தெரியாது.

"என்னா பாய், சவுதியில இதைப் போட்டுக்கிட்டுத்தான் மிஷின் ஓட்டணுமா?" என்று ஜன்னலிலிருந்து பொன்னுசாமி கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

"அங்க என்னா சிரிப்பு?" என்று அந்த அம்மாள் அதட்டினார். துப்பட்டாவை மடித்து உள்ளே வைத்தார். ஊறுகாய் பாட்டிலின் வாய்த்துணியை அவிழ்த்து முகர்ந்தார். திரும்பக் கட்டினார். பெட்டியைப் பூட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் குனிந்தார். அவர் முதுகு மறைத்துக்கொண்டது.

கௌஸுக்குப் பொறுக்கவில்லை. "அடியில என்னம்மா தேடறீங்க? தங்கத்தை ஒட்டி வெச்சிருக்கேனா?"

அந்த அம்மாள் பெட்டியை நிமிர்த்தி, கையிலிருந்த சாக்பீஸால் கறுப்பு மூடியின்மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

"இந்தாப்பா, இதை..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கௌஸ் கேட்க நிற்கவில்லை. பெட்டியைப் பறித்துக்கொண்டு, அவர் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் படித்தான்.

"சாந்தம்மா. மனசுல எழுதிக்கிட்டேன். உங்க பெரிய ஆபீசருக்கு ஒரு கார்டு எழுதிப் போடாம பிளேன்ல கால் வெக்க மாட்டேன்."

பஸ்ஸில் எல்லார் கண்ணும் அந்த வட்டத்தின்மேலேயே இருந்தது. எதிர்சீட்டுப் பெண் தன் குழந்தையின் காலைப் பெட்டியில் படாமல் இழுத்துக்கொண்டாள்.

"பெட்டிக்குப் பொட்டு வெச்சு அனுப்பிட்டாங்களா?" என்றான் பொன்னுசாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அழிச்சிடுங்க பாய். ஏர்போர்ட்டுல இதைப் பார்த்தா சந்தேகப்பட்டு மறுபடியும் குடைவாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. கௌஸ் துண்டை நனைத்துத் தேய்த்தான். வெள்ளை ஒரு துளியும் மிஞ்சாதவரை தேய்த்தான்.

இரண்டு மைல்கூடப் போயிருக்காது. மறுபடியும் விசில்.

"எல்லாரும் பெட்டி, பையோட இறங்குங்க!"

இது அடுத்த மாநிலத்துச் சாவடி. முன்னால் நாலு பஸ் ஜனம் வரிசையில் நின்றது. ஒரு பை விடாமல் அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதேகால். இந்த வேகத்தில் போனால் பதினொன்றுக்குக்கூட முறை வராது.

அப்போது ஒருவர் பெட்டியோடு வரிசையை விட்டு விலகி நேரே முன்னால் போனார். அவர் பெட்டியின்மேல் ஒரு சாக்பீஸ் வட்டம். காவலர் அதைத் தொடக்கூட இல்லை. "போங்க, பார்த்து முடிச்சவங்களுக்கு முன்னாடி வேற பஸ் ரெடி" என்றார்.

கௌஸ் ஓடிப்போய் அந்தக் காவலர் முன் நின்றான். அவர் பெயர்ப்பட்டையில் கிருஷ்ணப்பன் என்றிருந்தது.

"ஐயா, அந்த வட்டம் எதுக்கு?"

"அந்தப் பக்கமே முழுசா பார்த்தாச்சுன்னு அர்த்தம். இங்கே திறக்கறதில்லை." கன்னட வாடை அடிக்கும் தமிழ்.

"எனக்கும் போட்டாங்க ஐயா. நான்... நான்தான் துடைச்சிட்டேன். பதினொன்றரைக்கு பிளேன்." ஈரத் துண்டை விரித்துக் காட்டினான்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றது. வரிசையில் நில்லு."

"அல்லா மேல சத்தியமா ஐயா!"

கிருஷ்ணப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யார் பார்த்தது? பேர் தெரியுமா?"

தெரியாமலா? புகார் எழுதுவதற்காக மனப்பாடம் செய்த பெயராயிற்றே.

"சாந்தம்மா" என்றான்.

"ஓ, சாந்தம்மாவா? பெட்டியைத் திருப்பு."

கௌஸ் பெட்டியைக் கவிழ்த்தான். அடியில், நான்கு குமிழ்க் கால்களுக்கு நடுவே, துளியும் கலையாமல் இன்னொரு வெள்ளை வட்டம்.

"ஓடு சுவாமி, பஸ்ஸைப் பிடி" என்றார் கிருஷ்ணப்பன். "பிளேனுக்குப் போறவங்க இங்கே மாட்டிக்கக் கூடாதுன்னு, அவங்க பெட்டியை மட்டும் அந்தம்மா அங்கேயே முழுசா பார்த்துடும். மேலே போட்டதை ரோஷக்காரங்க அழிச்சிடுவாங்கன்னு தெரிஞ்சு, அடியிலும் ஒண்ணு போட்டு அனுப்பும்."