இரண்டு விசிறிகளுக்கு நடுவே

அடிலெய்டுக்குப் பறக்கும் சின்ன ஆம்புலன்ஸ் விமானத்தின் இறக்கைகளில் உள்ள இரண்டு விசிறிகளும் காலை வெயிலில் மங்கலான வட்டங்களாகச் சுழல்கின்றன. அவற்றின் அதிர்வு தரை வழியே ஏறி லொரெய்னின் முழங்காலிலும் பல்லிலும் ரீங்கரிக்கிறது. அவள் பார்வை எதிரே இருக்கும் கண்ணாடிப் பெட்டியை விட்டு அகலவில்லை. பத்து வாரம் முந்திக்கொண்டு இன்று விடியலில் பிறந்த அவள் மகள் அதற்குள் கிடக்கிறாள். மூக்குக் குழாய் நடுங்குகிறது, கம்பளித் தொப்பியின் குஞ்சம் நடுங்குகிறது, உள்ளங்கை அகல மார்பும் நடுங்குகிறது.

"சிஸ்டர், நடுங்குறது புள்ளையா, ப்ளேனா?"

நர்ஸ் பெர்னடெட் பெட்டியின் துளைக்குள் கைவிட்டுக் குழந்தையின் தலையைத் தாங்கிப் பார்க்கிறாள். "ப்ளேன்தாம்மா. ஆனா இவ்வளவு குலுக்கல் இந்தத் தலைக்கு ஆகாது." பிறகு காதுக்கருவியின் மைக்கில் விமானியிடம் சொல்கிறாள்: "ஹாமிஷ், விசிறி வேகத்தக் கொஞ்சம் கொறைங்க."

"போய்ச் சேரப் பத்து நிமிஷம் பிந்துமே?"

"பிந்தட்டும்."

இரைச்சலின் சுருதி மெல்ல இறங்குகிறது. குஞ்சம் அசைவற்று நிற்கிறது, குழாயும் நிற்கிறது. குழந்தையும் அப்படியே ஓய்ந்து கிடக்க, லொரெய்ன் பெட்டிப் பக்கம் சாய்ந்து அந்த மார்பு ஏறி இறங்குகிறதா என்று உற்றுப் பார்க்கிறாள். கீழே விரிந்த செம்மண் வெளியின் ஒளி பெட்டிமேல் சாய்ந்திருக்கிறது. பெர்னடெட் அவள் கையைப் பிடித்துத் துளைக்குள் விடுகிறாள். விரல் நுனியில் ஒரு பாதம் தட்டுப்படுகிறது. அது சுருங்கி, நீண்டு, ஓங்கி ஓர் உதை விடுகிறது.

லொரெய்னுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. "அடி கள்ளி, அம்மாவையா உதைக்கிற?"