புல்லுக்கு அடித்த பச்சை

ஆம்பூருக்கு வெளியே புதிய மனைப்பிரிவு. பூங்கா பச்சையாக இருந்தால்தான் அனுமதி என்பது விதி. விதி தெரியாத புல்லோ வைக்கோலாகிக் கிடக்கிறது. அதனால் தோல் கம்பெனியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் எபனேசர், காலையிலேயே ஸ்ப்ரேயோடு வந்து பூங்கா முழுக்கப் பச்சை அடித்து முடித்திருக்கிறார். வெயிலில் புல் மினுமினுக்கிறது. "ஷேடு கொஞ்சம் ஜாஸ்தியா போச்சோ?" என்று கவலைப்படுகிறார். "இது இன்னா ஷூ ஆர்டரா? சும்மா இருப்பா" என்று அதட்டுகிறார் மனைக்காரர் பரந்தாமன். அனுமதி தருவதற்கு முன் பார்வையிட வந்து ஜீப்பிலிருந்து இறங்கும் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடக்கிறார். இருவர் கண்ணும் அவர் உள்ளங்காலிலேயே இருக்கிறது. காலில் ஒரு பொட்டுச் சாயம்கூட ஒட்டவில்லை. எபனேசருக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்தக் கோடையில எப்படிய்யா இவ்ளோ பச்சை?" என்றபடி அதிகாரி ஒரு புல்லைக் கிள்ளி, கடித்து மெல்வதற்காக வாயருகே கொண்டுபோகிறார். பரந்தாமன் எபனேசரின் கையை இறுக்கிப் பிடிக்கிறார். ஆனாலும் எபனேசரின் வாய் முந்திக்கொள்கிறது: "வாயில வெக்காதீங்க சார்! அது தோலுக்கு அடிக்கிற சாயம்!" பரந்தாமன் கண்ணை மூடிக்கொள்கிறார். அதிகாரி புல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நகத்தால் சுரண்டியும் பார்க்கிறார். பிறகு குரலைத் தணித்துக் கேட்கிறார்: "மழைக்குத் தாங்குமா? எங்க ஆபீஸ் முன்னாலயும் காஞ்சுதான் கெடக்குது."